பந்தை விட்டுவிட்டுப் பாருங்கள்: சகி குமகாயின் ஆட்டங்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

சகி குமகாய் என்ற பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு பெனால்டி. 2011 ஜூலை 17, ஃபிராங்க்ஃபர்ட், மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இருபது வயது வீராங்கனை ஓடிவந்து பந்தை வலையின் மேற்பகுதிக்குள் அடிக்கிறார்; ஜப்பான் உலகச் சாம்பியன் ஆகிறது. நல்ல காட்சிதான். ஆனாலும் அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு ஸ்டாப்பரை, அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுத்தாடுபவரை, அவர் அடித்த கோலுக்காக மட்டும் ஊர் நினைவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் எரிச்சல் தருகிற விஷயம். நானும் பின்வரிசையில் ஆடியவள்; எங்கள் வேலையில் பெரும்பகுதி யாருடைய கண்ணிலும் படாமல் போவதற்கென்றே செய்யப்படுவது.

இப்போது நான் பயிற்சி கொடுக்கும் பெண்களுக்குக் குமகாயின் ஆட்டங்களைப் போட்டுக் காட்டுகிறேன். முதல் முறை காட்டியபோது, பின்வரிசையில் ஆடும் பெண் ஒருத்தி அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அக்கா, இவங்க ஒண்ணுமே செய்யலையே?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். குமகாயைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும், அவர் வழியாக ஒரு ஸ்டாப்பரின் ஆட்டத்தைப் பார்க்கப் பழக விரும்புகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1990 அக்டோபர் 17 அன்று ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரில் பிறந்தவர். மேல்நிலைப் பள்ளிப் படிப்பு செண்டாயில், பெண்கள் கால்பந்துக்குப் பெயர்போன தோக்கிவாகி காக்குவென் பள்ளியில். அங்கே படிக்கும்போதே, 2008-இல், தேசிய அணிக்கு ஆடிவிட்டார். 2009-இல் உராவா ரெட்ஸ் மகளிர் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டே அணி லீக் பட்டத்தை வென்றது. அதன் பிறகு ஐரோப்பா: 2011-இல் ஃபிராங்க்ஃபர்ட், 2013-இல் லியோன், 2021-இல் பேயர்ன் மியூனிக், 2023-இல் ரோமா, 2025 ஜனவரியில் லண்டன் சிட்டி லயனஸஸ். லியோனில் மட்டும் எட்டுப் பருவங்கள். ஏழு பிரெஞ்சு லீக் பட்டங்கள். 2016 முதல் 2020 வரை இடைவெளி இல்லாமல் ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். 2019-இல் ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருது. தேசிய அணிக்கு 150-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். இதில் எதுவும் அவர் எப்படி ஆடினார் என்று உங்களுக்குச் சொல்லாது. முன்வரிசைக்காரருக்குக் கோல் எண்ணிக்கை இருக்கிறது. ஸ்டாப்பருக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. பறித்த பந்துகளின் எண்ணிக்கையைச் சிலர் காட்டுவார்கள். அதை நம்பி ஏமாறாதீர்கள். ஒருவர் ஓர் ஆட்டத்தில் எட்டுத் தடவை காலை நீட்டிப் பந்தைப் பறித்தார் என்றால், எட்டுத் தடவை எதிராளி அவ்வளவு நெருக்கத்தில் பந்தோடு வந்துவிட்டார் என்றும் அர்த்தம். சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றிருந்தால் அதில் பாதிக்குத் தேவையே வந்திருக்காது.

உட்காருவதற்கு முன்

முழு ஆட்டத்தைத் தேடுங்கள். பத்து நிமிடத் தொகுப்புக் காட்சிகள் இந்த வேலைக்கு உதவாது; அவற்றை வெட்டுகிறவர்கள் கோல்களையும் கோலுக்கு அருகில் போனவற்றையும் வைத்துக்கொண்டு, நமக்கு வேண்டிய எண்பது நிமிடங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பழைய உலகக் கோப்பை ஆட்டங்கள் பலவற்றை ஃபிஃபா முழுமையாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிய திரை இருந்தால் நல்லது. கைபேசியில் பின்வரிசை எறும்பு ஊர்வலம்போலத்தான் தெரியும்.

வர்ணனையை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர் பந்தின் பின்னாலேயே ஓடுகிறவர். அவர் குரல் உங்கள் கண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதலாவது, நிமிடம். இரண்டாவது, பந்து வருவதற்கு முன் அவர் நின்ற இடம். மூன்றாவது, எதிராளி எதைக் கைவிட்டார் என்பது. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். எதிரணி வீராங்கனை தலையை நிமிர்த்தி முன்னால் பார்க்கிறார், நீளமான பந்து போட நினைக்கிறார், பிறகு மனம் மாறிப் பக்கத்தில் இருக்கிற தோழிக்குத் தட்டிவிடுகிறார். ஏன் மனம் மாறினார்? அந்த நொடியில் திரையை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வழியில் ஒரு ஸ்டாப்பர் ஏற்கெனவே நின்றிருப்பார். "நீளப் பந்து, கைவிடப்பட்டது" என்று எழுதிக்கொள்ளுங்கள். புள்ளிவிவரத்தில் வராத வேலை அது.

தொலைக்காட்சி கேமராவோடும் ஒரு சண்டை இருக்கிறது. ஜப்பான் தாக்கும்போது குமகாய் திரைக்கு வெளியே போய்விடுவார். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஜப்பான் பந்தை இழக்கும் கணத்தில் கேமரா திரும்பும். அப்போது அவர் திரையின் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வேகத்தில் உள்ளே வருகிறார் என்று பாருங்கள். மூச்சிரைக்க ஓடிவந்தால் இடம் தவறியிருந்தார். நடந்து வந்தால், பந்து போவதற்கு முன்பே அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது: ஸ்பெயின், 2023

காலவரிசையில் பார்க்காதீர்கள். 2023 ஜூலை 31 அன்று வெலிங்டனில் நடந்த ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஜப்பான் 4–0 என்று வென்றது. அதே ஸ்பெயின்தான் அந்த உலகக் கோப்பையை வென்றது என்பதை நினைவில் வையுங்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் சுலபமானது: பந்து முக்கால் நேரத்துக்கும் மேலாக ஸ்பெயினிடம் இருந்தது. ஆகவே ஜப்பானின் பின்வரிசை பெரும்பாலும் திரைக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சியாளர் ஃபுதோஷி இகேதா பின்னால் மூன்று பேரை நிறுத்தினார். நடுவில் குமகாய், இரு பக்கமும் மோயேகா மினாமியும் ஹனா தகாஹாஷியும். மூவருமே உராவா சட்டை போட்டவர்கள். அதற்கும் அவர்களுக்குள் தெரிகிற ஒழுங்குக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நம்புகிறேன்.

முதல் இருபது நிமிடம் குமகாயின் கையை மட்டும் பாருங்கள். காலை அல்ல, கையை. கல்யாணப் பந்தியில் பரிமாறாமல் ஓரமாக நின்று, எந்த இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே இருப்பவர் ஒருவர் உண்டல்லவா, அந்த வேலை. நீ அங்கே போ, நீ உள்ளே வா, அவளைப் பிடி. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் தெரியும்; பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்து ஸ்டாப்பர்களில் ஒருவர் எதிராளியைப் பிடிக்க முன்னால் போனால் குமகாய் எத்தனை அடி நகர்கிறார் என்று கவனியுங்கள். காலியான இடத்துக்கு முழுதாக ஓடிப் போனால் நடு திறந்துவிடும். அசையாமல் நின்றால் ஓட்டை அப்படியே இருக்கும். பாதித் தூரம் என்பதுதான் ஸ்டாப்பரின் கணக்கு. எந்தப் பாதி என்பது பந்து இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

இரண்டாவது இருபது நிமிடம் ஸ்பெயினின் நடு முன்வரிசை வீராங்கனையைப் பாருங்கள். அவர் தன் இடத்தை விட்டுப் பின்வாங்கிப் பந்து கேட்கும்போதெல்லாம் குமகாய்க்கு ஒரு கேள்வி விழுகிறது: பின்தொடர்வதா, விட்டுவிடுவதா? ஒவ்வொரு முறையும் அவர் என்ன முடிவெடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் நிற்கிற யாருக்கும் இது பரபரப்பான விஷயமாகத் தெரியாது. ஸ்பெயினுக்குப் பந்து இருந்தும் நடுவில் வழி கிடைக்காமல் போனது இந்தச் சின்னச் சின்ன முடிவுகளால்தான்.

கோல்கள் வரும்போது பார்த்து மகிழுங்கள். ஹினாத்தா மியாசாவா அடித்த இரண்டும் எதிர்த்தாக்குதலுக்குப் பாடம். பிறகு மீண்டும் பின்வரிசைக்கு வந்துவிடுங்கள்.

இதன் மறுபக்கம் வேண்டுமென்றால் அதே தொடரின் காலிறுதி இருக்கிறது: ஆகஸ்ட் 11, ஆக்லாந்து, ஸ்வீடனிடம் 2–1 தோல்வி. ஸ்பெயின் புல்லில் உருட்டி ஆடியது. ஸ்வீடன் உடம்பையும் உயரத்தையும் கொண்டு வந்து கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் நெரித்தது. அதே மூன்று பேர், பத்துப் பதினோரு நாள் இடைவெளி, முழுக்க வேறொரு ஆட்டம்.

ஜெர்மனி, 2011

இப்போது பின்னால் போகலாம். 2011 ஜூலை 9, வோல்ஃப்ஸ்பர்க், காலிறுதி. ஜெர்மனி போட்டியை நடத்தும் நாடு. 2003, 2007 இரண்டு கோப்பைகளையும் வென்ற அணி. கரினா மருயாமா கூடுதல் நேரத்தில், 108-ஆவது நிமிடத்தில் அடித்த ஒரு கோலால் ஜப்பான் வென்றது. 120 நிமிடமும் ஜெர்மனிக்குக் கோல் கிடையாது.

பின்வரிசையில் நான்கு பேர்: யுகாரி கிங்கா, அசூசா இவாஷிமிசு, குமகாய், ஆயா சமேஷிமா. இடது ஓரத்தில் ஆடிய சமேஷிமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குமகாய் படித்த அதே செண்டாய் பள்ளியில் படித்தவர். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தபடியே அந்த மின்நிறுவனத்தின் அணிக்கு ஆடியவர். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்த பிறகு அந்த அணியே இயங்காமல் போனது. நான்கு மாதம் கழித்து இந்த உலகக் கோப்பை. ஜப்பான் பெண்கள் ஆட்டம் முடிந்ததும் உலக நண்பர்களுக்கு நன்றி சொல்லும் பதாகையை ஏந்தி மைதானத்தைச் சுற்றி வந்ததன் பின்னணி இதுதான். இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது: அன்றைக்கு ஜப்பானில் பெண்களுக்கு முழுமையான தொழில்முறை லீக் கிடையாது. டபிள்யூ.ஈ. லீக் 2021-இல்தான் தொடங்கியது. பகலில் ஒரு வேலை, மாலையில் பயிற்சி என்று இருந்தவர்கள் பலர். இருபது வயதில் ஒருவர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறியதை வெறும் ஆசையாகப் படிக்கக் கூடாது.

ஆட்டத்துக்கு வருவோம். இந்த ஒன்றில் கார்னர்களையும் ஓரத்திலிருந்து வரும் உயரப் பந்துகளையும் மட்டும் பாருங்கள். ஜெர்மானியர்கள் உயரமானவர்கள். ஜப்பான் அணியில் உயரம் என்று சொல்லத்தக்கவர்களில் குமகாய் ஒருவர், அவரும் 170 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியவர்தான். அப்படியிருக்க, தலையில் வெல்ல முடியாத பந்துகளை என்ன செய்தார்கள்? எதிராளி குதிக்கும் முன் அவர் வருகிற பாதையில் போய் நின்றார்கள். நேராக ஓடிவந்து குதிக்க விடாமல், அரை அடி சுற்றிவர வைத்தார்கள். முதல் தலை ஜெர்மனியுடையதாக இருந்தாலும் கீழே விழும் பந்து எங்கே போகும் என்று முன்பே இருவர் காத்திருந்தார்கள். ஒவ்வொரு கார்னரையும் இரண்டு தடவை ஓட விடுங்கள்: முதல் தடவை பந்து, இரண்டாம் தடவை குமகாய். இரண்டாம் தடவையில் பந்து திரையில் இருக்கிறதா என்றுகூட உங்களுக்கு நினைவு இருக்கக் கூடாது.

அதற்கு எட்டு நாள் கழித்து

இறுதி ஆட்டம், அமெரிக்காவுடன். இங்கே இரண்டு கணங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒன்று 69-ஆவது நிமிடம். மேகன் ரப்பினோ நீளமாக ஒரு பந்து போடுகிறார். அலெக்ஸ் மார்கன் குமகாயை மீறி ஓடி கோல் அடிக்கிறார். ரப்பினோ அடிப்பதற்குச் சற்று முன் திரையை நிறுத்துங்கள். குமகாயின் தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மார்கனுக்கும் அவருக்கும் எவ்வளவு தூரம், பின்னால் எவ்வளவு வெற்றிடம். வேகமான ஆளோடு ஓட்டப்பந்தயம் என்று ஆகிவிட்டால் ஸ்டாப்பர் பாதி தோற்றுவிட்டார். ஓட்டம் தொடங்கும் முன்பே சில அடி பின்னால் இருந்திருக்க வேண்டும். என் பெண்களுக்கு நான் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறேன், ஏனென்றால் உலகக் கோப்பையை வென்ற ஸ்டாப்பரும் அதே ஆட்டத்தில் இப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்டார் என்பது அவர்களுக்கு நிம்மதி தருகிறது.

இரண்டாவது கணம், 120 நிமிடமும் முடிந்து நடுவர் கூட்டிக் கொடுத்த நேரம். 2–2. மார்கன் மீண்டும் கோலை நோக்கிப் போகிறார். இவாஷிமிசு அவரைச் சாய்க்கிறார். நேரடிச் சிவப்பு அட்டை. பெட்டிக்குச் சற்று வெளியே ஃப்ரீ கிக். அதில் கோல் விழவில்லை. என்னைக் கேட்டால் ஜப்பானுக்குக் கோப்பை வாங்கித் தந்த செயல்களில் அந்தத் தவறாட்டத்தையும் சேர்ப்பேன். பதிவேட்டில் அது தண்டனையாகத்தான் இருக்கிறது. அவர் வெளியே போன பிறகு ஃப்ரீ கிக்குக்காகப் பின்வரிசையை அடுக்கியவர்களின் அவசரத்தைப் பாருங்கள்.

அதற்குப் பிறகு பெனால்டிகள். இப்போது நீங்கள் அவற்றைப் பார்க்கலாம். அமெரிக்கா முதல் மூன்றையும் தவறவிட்டது. ஜப்பானின் நான்காவதை அடிக்க வந்தவர் குமகாய், 3–1. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மார்கனோடும் அபி வாம்பாக்கோடும் மல்லுக்கட்டிய கால்கள் அவை என்று தெரிந்த பிறகு பார்க்கும்போது அந்த ஓட்டமே வேறு மாதிரித் தெரியும்.

அவர் அடுத்துச் சேர்ந்த கிளப் அதே ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தினுடையது.

தோல்விகளைத் தவிர்க்காதீர்கள்

2015 ஜூலை 5, வான்கூவர். மீண்டும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மீண்டும் அமெரிக்கா. 5–2 தோல்வி. முதல் பதினாறு நிமிடத்தில் நான்கு கோல்கள், அவற்றில் மூன்று கார்லி லாய்டுடையவை. ஜப்பான் ரசிகர்கள் இதைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பாருங்கள், ஏனென்றால் இதில் ஒரு திட்டம் இருக்கிறது. ஜப்பானின் பலவீனம் உயரம் என்று உலகுக்கே தெரியும். அமெரிக்கா என்ன செய்தது? முதல் கார்னரையே தாழ்வாகத் தரையோடு அடித்தது. எல்லாரும் தலைக்கு மேல் பந்து வரும் என்று ஆளைப் பிடித்து நிற்கும்போது லாய்டு பெட்டிக்கு வெளியிலிருந்து ஓடிவந்து காலால் தட்டினார். அடுத்த ஃப்ரீ கிக்கும் தாழ்வாகவே வந்தது, அதுவும் லாய்டு. மூன்றாவது, இவாஷிமிசுவின் தலையிலிருந்து சரியாகப் போகாத பந்து. நான்காவது, நடுக்கோட்டிலிருந்து லாய்டு அடித்து கோல்கீப்பர் தலைக்கு மேல் போனது.

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் பயிற்சியாளர் நோரியோ சசாகி இவாஷிமிசுவை வெளியே எடுத்து ஹோமாரே சாவாவை உள்ளே அனுப்பினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் கோப்பையை வென்ற ஜோடி களத்தில் அப்படிப் பிரிந்தது. அதற்குப் பிறகு குமகாயை மட்டும் பாருங்கள். நான்கு கோல் வாங்கிய பின்வரிசையில் நிற்பது என்னவென்று ஆடியவர்களுக்குத் தெரியும்: அடுத்த பந்துக்கு முன்னால் போகவும் பயம், பின்னால் நிற்கவும் பயம். நான்கு கோல் வாங்கிய பிறகு ஜப்பானுக்கு இரண்டு கோல் கிடைத்தன: ஒன்று இந்த மாற்றத்துக்கு முன், இன்னொன்று பின்.

இன்னொரு தோல்வி 2019 ஜூன் 25, ரென், நெதர்லாந்துடன். அப்போது அவர் அணித் தலைவி. 1–1 என்று இருந்தது. இரண்டாம் பாதியில் ஜப்பானின் கை ஓங்கியிருந்தது. கடைசி நிமிடங்களில் விவியனே மீடமா அடித்த பந்து பெட்டிக்குள் குமகாயின் கையில் பட்டது. பெனால்டி, லீக்கே மார்டென்ஸ் அடித்தார், ஜப்பான் வெளியேறியது. பந்து கையில் படுவது பற்றிய விதி அந்தக் கோடையில்தான் மாற்றி எழுதப்பட்டிருந்தது: கை உடம்பை இயல்பைவிட அகலமாக்கினால், வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் குற்றம். விதிப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஓடுகிற, திரும்புகிற, காலை நீட்டித் தடுக்கிற உடம்புக்கு நிலை தடுமாறாமல் இருக்கக் கை வேண்டும். கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு அரைச் சுற்று திரும்பிப் பாருங்கள், புரியும். இந்த ஆட்டத்தைப் பார்த்த கையோடு புதிய ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். பெட்டிக்குள் இன்றைய ஸ்டாப்பர்கள் எத்தனை பேர் கையை முதுகுக்குப் பின் ஒளித்தபடி நிற்கிறார்கள் என்று எண்ணலாம்.

லியோனில் இருந்தவர் வேறொருவர்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். லியோன் ஆட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, பின்வரிசை நடுவில் குமகாயைத் தேடுவார்கள், காணவில்லை. அங்கே வெண்டி ரெனார் நிற்பார், பக்கத்தில் பல பருவங்களில் கிரீஜ் உம்பாக். குமகாய் பெரும்பாலும் அவர்களுக்கு முன்னால், நடுக்களத்தின் அடிப்பகுதியில் ஆடினார். தேசிய அணிக்குப் போனால் மீண்டும் ஸ்டாப்பர். ஒரே மாதத்துக்குள் இரண்டு வேலை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இருபது அடி வித்தியாசம். ஆடுகிறவர்களுக்கு அது வேறொரு தொழில். ஸ்டாப்பருக்கு ஆட்டம் முழுவதும் முகத்துக்கு எதிரே நடக்கிறது. முதுகுக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும். நடுக்களத்தில் நிற்பவருக்கு நாலா பக்கமும் ஆள். பந்து தன்னிடம் வரும் முன்பே பின்னால் யார் இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே லியோன் ஆட்டங்களில் குமகாயின் தலையைப் பாருங்கள். பந்து அவரிடம் வருகிற வழியில் இருக்கும்போது எத்தனை தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். பிறகு அதே பருவத்தில் ஜப்பானுக்கு அவர் ஸ்டாப்பராக ஆடியதைப் போட்டு எண்ணுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். என் பெண்களுக்கு நான் கொடுத்த பயிற்சிகளில் அவர்கள் விரும்பிச் செய்தது இது ஒன்றுதான்.

எந்த ஆட்டம் என்றால், 2016 மே 26, இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா, வோல்ஃப்ஸ்பர்க் அணியுடன் சாம்பியன்ஸ் லீக் இறுதி. 1–1, கடைசி நிமிடங்களில் வோல்ஃப்ஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ரா பாப் சமன் செய்தார். பெனால்டியில் லியோன் 4–3. வெற்றிக்கான அடி யாருடையது என்று கேட்டால், ஆம், குமகாய்தான். இரண்டு பெரிய இறுதி ஆட்டங்களைக் கடைசி பெனால்டியால் முடித்துவைத்த தடுப்பாட்டக்காரர்கள் உலகில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

பிறகு 2020 ஆகஸ்ட் 30, சான் செபஸ்தியான், ஆளில்லாத அரங்கு. மீண்டும் வோல்ஃப்ஸ்பர்க், 3–1. இடைவேளைக்குச் சற்று முன் பெட்டிக்கு வெளியிலிருந்து குமகாய் அடித்தது இரண்டாவது கோல். இதை மட்டும் நீங்கள் பந்தைப் பார்த்தே ரசிக்கலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி: எதிரணி விலக்கிய பந்து போய் விழக்கூடிய இடத்தில் அவர் ஏன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்?

ஆட்ட வாழ்வை எப்படிக் கோர்ப்பது

இவ்வளவும் பார்த்த பிறகு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிளப்புகளையும் கோப்பைகளையும் எழுதாமல், அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களை எழுதுங்கள். இவாஷிமிசு, சமேஷிமா, ரெனார், மினாமி, தகாஹாஷி. ஒரு ஸ்டாப்பரின் வாழ்க்கையை நான் இப்படித்தான் படிக்கிறேன். முதலில் தன்னைவிட அனுபவம் மிக்கவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் கை காட்டிய இடத்துக்குப் போகிறார். பிறகு சமமானவர்களோடு நின்று, யார் முன்னால் போவது, யார் காப்பது என்று கண்ணாலேயே பேசிக்கொள்கிறார். கடைசியில் அவர் கை காட்ட, இளையவர்கள் நகர்கிறார்கள். 2011 காட்சியில் பின்வரிசையில் யாருடைய கை அதிகம் அசைகிறது, 2023-இல் யாருடையது என்று ஒப்பிடுங்கள்.

ரோமாவில் மினாமியும் குமகாயும் ஒரே சட்டையில் ஆடியிருக்கிறார்கள். 2023–24-இல் அந்த அணி இத்தாலியின் லீக் பட்டத்தையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. இருவரையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க அந்தப் பருவம் நல்ல இடம். 2025-இல் ஜப்பானின் தலைமைப் பட்டை யுய் ஹசெகாவாவிடம் போய்விட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய ஜப்பான் ஆட்டங்களைப் பார்க்கும்போது, பட்டை இல்லாதபோதும் குமகாய் கை காட்டுகிறாரா என்பதையும் உங்கள் கட்டங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எந்த ஆட்டமானாலும் சரி, நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நடுக்கோட்டுக்கு எதிரே உள்ள இருக்கைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். கோலுக்குப் பின்னால், முடிந்த அளவு உயரத்தில் உட்காருங்கள். பெரும்பாலும் டிக்கெட்டும் மலிவு. அங்கிருந்து பார்த்தால் பின்வரிசை நான்கு பேருக்கும் இடையிலுள்ள தூரம் கோடு போட்டதுபோலத் தெரியும். கேமரா உங்களிடமிருந்து மறைக்கிற ஸ்டாப்பரும் தொண்ணூறு நிமிடமும் கண்முன் இருப்பார். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவருக்கும் கோல்கீப்பருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.